நான் வாசிச்ச கடிதம்

வாரும், உள்ளுக்கு வாரும். சப்பாத்தைக் கழட்டி அந்தத் தட்டில வையும், பனி கரைஞ்சு கம்பளம் முழுக்க ஊறிப்போடும். இரும். தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கு, எடுத்துக் குடியும்.

நீர்தானே நேற்றுப் போன் எடுத்த பிள்ளை? மலர்க்குழு அனுப்பினதெண்டு சொன்னீர். பத்தாவது ஆண்டு மலர். நிதியம் தொடங்கிப் பதின்மூண்டு வருசம், பத்தாவது ஆண்டு மலர் இப்பதான் போடுகினம். கேட்டால் கொரோனா எண்டுவினம். எங்கட ஆக்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு சாட்டு வேணும்.

என்ன தலைப்பு எண்டு சொன்னீர்? 'நிதியத்தின் தோற்றமும் வளர்ச்சியும்'. பத்தாம் வகுப்புப் பிள்ளையளுக்குக் கட்டுரை குடுக்கிற மாதிரி. போனமுறை அடிச்ச துண்டுப்பிரசுரம் இஞ்ச கிடக்கு, வாசிக்கிறன் கேளும். 'தாயகத்துச் சிறார்களின் துயர் கண்டு துவண்ட அமரர் அருளம்பலம் அவர்கள், நோய்ப் படுக்கையில் இருந்தவாறே இம்மாபெரும் கல்விப் பணிக்கு வித்திட்டார்.' வித்திட்டாராம். மனுசனுக்கு அந்த நேரம் வாயில வைச்ச கஞ்சியை விழுங்க ஏலாது. ஆர் உதை எழுதினது எண்டு எனக்குத் தெரியும். அவருக்கு வித்துக்கும் வித்தைக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் மேடையில ஏறினால் இறக்க நாலு பேர் வேணும்.

போனில பதியிறீரோ? பதியும். நிப்பாட்ட வேண்டாம். எப்பிடித் தொடங்கினதெண்டு கேட்டீர் எல்லே, சொல்லுறன். தெரிஞ்ச ஆக்கள் இப்ப ரெண்டு பேர்தான். நான் ஒண்டு, மற்றது உங்கட செயலாளர் அம்மா. அவ சொல்ல மாட்டா.

என்ர மனுசன் அருளம்பலம் ஊரில தபாலதிபர். நான் தமிழ் ரீச்சர், முப்பத்தொரு வருசம், யாழ்ப்பாணத்தில பேர்போன ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். பேரைச் சொல்ல மாட்டன், சொன்னால் நீர் போய் அவையிட்டை என்னைப் பற்றி விசாரிப்பீர். இஞ்ச வந்து பதினாறு வருசத்தில இவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்திட்டுது. பேச்சும் போட்டுது. ஒரு சொல்லு வராது. மகன் சிட்னியில. வீடியோவில வந்து அப்பாவைப் பாத்து அழுவான், பேந்து தன்ர வேலைக்குப் போயிடுவான். அவன்தான் இஞ்ச ஆரையோ பிடிச்சுப் பராமரிக்க ஒரு ஆளை ஒழுங்கு பண்ணினவன்.

அதுதான் தவமலர்.

முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். தமையன் கூப்பிட்டு வந்தவள். நாப்பது வயதிருக்கும், கலியாணம் கட்டேல்லை, ஏனெண்டு நான் கேக்கேல்லை. எண்ணெய் வழிய வழியத் தலையை இழுத்துக் கட்டியிருப்பாள். சோறு சாப்பிட்டால் கோப்பையில கோபுரம் மாதிரி. வந்த முதல்நாள் என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டு நேரா இவரின்ர கட்டிலடியில போய் நிண்டு, "ஐயா, நான் தவமலர். இண்டையில இருந்து உங்களுக்கும் எனக்கும் சண்டை. சாப்பிடாட்டி நான் விடமாட்டன்" எண்டாள். தபாலதிபரோட கதைக்கிற கதையைப் பாரும்.

பகல் முழுக்க அலம்பிக்கொண்டிருப்பாள். தங்கட ஊர்க் கிணறு, தங்கட ஆடு, மச்சாளின்ர கலியாணத்தில பந்தலுக்குள்ள மாடு புகுந்தது. அவர் பதில் சொன்ன மாதிரி, "ஓமோ ஐயா? அப்பிடியோ?" எண்டு வேற கேப்பாள். நான் அவளுக்குச் சொன்னன், அவருக்கு விளங்காது, வீணாத் தொண்டையைக் கிழிக்காதை எண்டு. "விளங்காட்டியும் காதுக்கு இதமாயிருக்கும் ரீச்சர்" எண்டாள். நான் பின்னேரத்தில அவருக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுறனான். நல்ல உச்சரிப்போட, பேப்பர்காரர் விட்ட பிழையளையும் திருத்தித் திருத்தித்தான் வாசிப்பன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். நோயாளியளுக்குத் தங்களுக்கு எது நல்லதெண்டு தெரியிறதில்லை.

கொஞ்ச நாளில எங்கட விலாசத்துக்கு அவளுக்குக் கடிதம் வரத் தொடங்கிச்சு. தமையன் வீட்டில எட்டுப் பேராம், கடிதம் துலைஞ்சு போகுதாம், எங்கட விலாசத்தைக் குடுக்கட்டோ எண்டு கேட்டவளாம். நான் ஓம் எண்டு சொன்னதா எனக்கு ஞாபகமில்லை. இவர் தலையை ஆட்டினவராம். சரி, வரட்டும். ஆனால் என்ன செய்யிறவள் தெரியுமோ? கடிதத்தைக் கொண்டு போய் இவரின்ர அறைக்குள்ள இருந்து அவருக்குத்தான் முதல் வாசிச்சுக் காட்டுவாள். கதவைச் சாத்திப்போட்டு. ஏதோ சொல்லிச் சிரிச்சுக் கேக்கும். ஒருநாள் அவரும் சிரிச்ச மாதிரி ஒரு சத்தம் கேட்டுது. என்ர வீடு, என்ர மனுசன், நான் குசினிக்குள்ள நிண்டு சாத்தின கதவைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்.

ஒருநாள் கேட்டன், ஆர் உனக்கு எழுதுறது, உன்ர பிள்ளையோ எண்டு. இல்லையாம். முகாமில இருக்கேக்கை பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில இருந்த ஒரு பிள்ளையாம், நிலாயினி எண்டு பேராம், பன்ரெண்டு வயதாம், ஒரு தம்பியும் இருக்கிறானாம். அதுகள் ரெண்டையும் இவள் இஞ்சயிருந்து படிப்பிக்கிறாளாம். கொப்பி, சப்பாத்து, ரியூசன். பிறத்தியாற்ற மலசலம் அள்ளி உழைக்கிற காசில ஊரான் பிள்ளைக்குச் சப்பாத்து. நான் சொன்னன், "நீ ஒரு விசரி. அங்க ஆரோ பெரியவை உன்ர காசில நல்லாச் சாப்பிடுகினம்." அவள் என்ன சொன்னாள் தெரியுமோ? "இருக்கலாம் ரீச்சர்." அவ்வளவுதான். ஒரு சண்டைக்குக்கூட லாயக்கில்லாத ஆள்.

இதுக்குள்ள இவரைப் பற்றி ஒண்டு சொல்ல வேணும். ஊரில தபாலதிபரா இருக்கேக்கை, பிறத்தியாரின்ர கடிதத்தை உடைச்சுப் பாத்த தபால்காரன் ஒருத்தனை வேலையால நிப்பாட்டினவர். அவன்ர மனுசி கைக்குழந்தையோட எங்கட வாசலில வந்து அழுதவள். நான்கூடச் சொன்னன், ஒரு கடிதம்தானே, மன்னிச்சு விடுங்கோவன் எண்டு. "அதில 'தானே' எண்டு ஒண்டு இல்லை" எண்டிட்டு உள்ளுக்குப் போட்டார். அப்பிடியொரு பிடிவாதம். கடிதம் எண்டால் அவருக்குக் கோயில்.

அந்தக் கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை. தவமலருக்குச் சனிக்கிழமையில லீவு. நான் உடைக்கேல்லை, பிள்ளை. அது வடிவா ஒட்டியிருக்கேல்லை. விரலை வைச்சுத் தடவினன், திறந்திட்டுது. திறந்த கடிதத்தை ஆரும் வாசிக்காமல் வைப்பினமோ? வாசிச்சன். எனக்குத் தலை சுத்திச்சுது. எழுத்துப் பிழை எண்டால் இந்த மாதிரிப் பிழை முப்பத்தொரு வருசத்தில நான் காணேல்லை.

அடுத்தநாள் ஞாயிறு. எங்கட பழைய மாணவியர் சங்கத்தின்ர கூட்டம், இஞ்ச, இதே ஹோலில. பத்துப் பன்ரெண்டு பேர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு முகப்பு வளைவு கட்டிக் குடுக்கிறதெண்டு முடிவு. குடுக்கிற ஆக்களின்ர பேர் சலவைக்கல்லில வரும். ஆற்ற பேர் மேல வாறது எண்டதிலதான் அதுக்கு முன்னம் மூண்டு கூட்டம் போனது. எல்லாரும் டொக்டர்மாரின்ர மனுசிமார், எஞ்சினியர்மாரின்ர மனுசிமார். விமலாதேவி மட்டும் தானே டொக்டர். அதை அவ ஒரு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஞாபகப்படுத்துவா.

தவமலரை அண்டைக்கு வரச்சொல்லியிருந்தனான். குசினியில வடை சுட்டுக்கொண்டு நிண்டவள். இவரைச் சக்கரக் கதிரையில வைச்சு இந்த மூலையில விட்டிருந்தது. விமலாதேவி வடையைக் கடிச்சுக்கொண்டு சொல்லுறா, "பாமா, உம்மட தவமலரை எனக்குத் தாருமன், அம்மாவைப் பாக்க. தங்கமான பிள்ளை. உம்மட மனுசன்ர முகத்தைப் பாரும், எவ்வளவு தெளிவா இருக்கு. அவள் வந்த பிறகுதான்."

என்ர வீட்டில, என்ர சோபாவில இருந்துகொண்டு, என்ர மனுசன்ர முகம் அவளாலதான் தெளிஞ்சதாம்.

தங்கமோ? பொறும், இந்தத் தங்கத்தின்ர தரத்தைக் காட்டுறன் எண்டு அறைக்குள்ள போய்க் கடிதத்தைக் கொண்டந்தன். சொன்னன், "எங்கட காசில ஊரில ஆரைப் படிப்பிக்கினம், என்ன படிப்பிக்கினம் எண்டு கொஞ்சம் கேளுங்கோ." சொல்லிப்போட்டு வாசிச்சன். எழுதியிருந்தது எழுதியிருந்த மாதிரியே, ஒரு எழுத்துத் திருத்தாமல்.

'அன்புல்ல தவமலர் அன்ரிக்கு.' அன்பு இல்லையாம், முதல் வரியிலயே சொல்லிப்போட்டாள் எண்டன். எல்லாரும் சிரிச்சினம். 'நான் நளம்.' சிரிச்சினம். 'நீங்கள் அனுப்பிய சப்பாத்து கிடைத்தது. நான் இப்போது பல்லிக்கூடம் போகிறேன்.' சுவரில ஊருற பல்லிக்குக் கூடம் கட்டி அதுக்குள்ள படிக்கினமாம். விமலாதேவிக்குத் தேத்தண்ணி புரைக்கேறிச்சுது. 'பல்லிக்கூடத்துக்கு இன்னும் கூறை போடவில்லை.' கூறை! கலியாணக் கூறை! என்ன நிறத்தில போடுகினமாம் எண்டு ஒருத்தி கேட்டா. 'மலை பெய்தால் எங்களை வீட்டுக்கு விடுவார்கள்.' மலை பெஞ்சால் விடத்தானே வேணும் எண்டன். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சினம். நான் நல்லா வாசிப்பன், பிள்ளை. வகுப்பில நான் வாசிச்சால் பக்கத்து வகுப்பும் அமைதியாயிடும்.

அடுத்த வரி. 'அப்பாவை இன்னும் கானவில்லை.'

நான் நிப்பாட்டிச் சொன்னன், "ரெண்டு சுழி ன. 'காணவில்லை'க்கு மூண்டு சுழி எண்டு அங்க ஒரு ரீச்சரும் படிப்பிக்கேல்லையோ?" நிமிர்ந்து பாத்தன். ஒருத்தரும் சிரிக்கேல்லை.

எனக்கு விளங்கேல்லை. அதுவும் பிழைதானே? மற்றதுகளை விடப் பெரிய பிழை. அங்க எத்தினை பேரைக் காணேல்லை எண்டு எனக்கு மட்டும் தெரியாதோ? நான் எழுத்தைப் பற்றித்தான் சொன்னனான். சரி, இன்னும் இருக்கு எண்டு தொடர்ந்து வாசிச்சன். 'அம்மா அப்பாவின் பதிவுக்கு போகிற நாளில் நான் பல்லிக்கூடம் போவதில்லை. தம்பியை பார்க்க வேண்டும். எனக்கு தலையில் பேன். அம்மா முடி வெட்ட விடவில்லை. அப்பா வந்தால் என்னை அடையாளம் தெரிய வேண்டுமாம்.' அதில அந்தப் பழைய பல்லியை விட்டால் பெரிசா எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை. ஒற்று விட்டிருந்தாள், அதைச் சொல்ல வாயைத் திறந்தன்.

அப்ப பாத்தால் தவமலர் தட்டோட நிக்கிறாள். எப்ப வந்தவள் எண்டு தெரியாது. தட்டைக் கொண்டந்து இந்த மேசையில வைச்சாள். ஒரு கோப்பை சரிஞ்சு கிடந்தது, அதை நிமித்தி வைச்சாள். பேந்து என்னைப் பாத்து, சத்தம் போடாமல், சாதாரணமாச் சொன்னாள்.

"ரீச்சர், வாசிச்சு முடிஞ்சால் தாங்கோ. நான் இன்னும் வாசிக்கேல்லை."

அத்தனை பேருக்கு முன்னால. எனக்கு எப்பிடி இருக்கும்? நான் சொன்னன், "பொறு, இன்னும் முடியேல்லை."

அப்ப பின்னால ஒரு சத்தம். "குடு."

முதல் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. திரும்பிப் பாத்தால் இவர். எட்டு மாசமா ஒரு சொல்லுச் சொல்லாத மனுசன். இடக்கையைத் தூக்கி என்ர பக்கம் நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, வாயால வடிய வடிய, "குடு" எண்டார். ரெண்டாந்தரம் இன்னும் உரக்க.

நான் உமக்குச் சொல்லுறன், அவர் என்னத்தைக் குடுக்கச் சொன்னார் எண்டு எனக்குத் தெரியும். நாப்பத்திநாலு வருசம் அந்த மனுசனோட குடும்பம் நடத்தினனான். அந்தக் குரலை நான் ஒரேயொருக்காத்தான் அதுக்கு முன்னம் கேட்டனான், அந்தத் தபால்காரனோட. கடிதத்தைக் குடு எண்டார். அவளின்ர கடிதத்தை அவளிட்டைக் குடு. அவ்வளவுதான்.

விமலாதேவி ஓடிப்போய் அவருக்கு முன்னால முழங்காலில இருந்திட்டா. டொக்டர் எல்லே. "என்ன ஐயா? என்ன குடுக்க வேணும்?" எண்டு கேட்டா. இவர் தவமலரைப் பாத்தார். கண்ணால தண்ணி ஓடுது. மூண்டாந்தரமும் "குடு." விமலாதேவி எங்களைத் திரும்பிப் பாத்து, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, "பிள்ளையளுக்குக் குடுக்கட்டாம்! ஐயா பிள்ளையளுக்குக் குடுக்கச் சொல்லுறார்!" எண்டு குழறினா. அவ்வளவுதான், ஹோல் முழுக்க அழுகை. பத்து நிமிசத்துக்கு முன்னம் வயித்தைப் பிடிச்சுச் சிரிச்ச அதே ஆக்கள். கைப்பையைத் திறக்கிறவை ஒரு பக்கம், மூக்குச் சிந்துறவை ஒரு பக்கம். முகப்பு வளைவைப் பற்றி அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. தவமலரைச் சுத்தி நிண்டுகொண்டு, எத்தினை பிள்ளையள், எந்தப் பள்ளிக்கூடம், எனக்கு ஒரு பிள்ளை தாரும், எனக்கு ரெண்டு தாரும் எண்டு, சந்தையில மீனுக்கு நிண்ட மாதிரி நிண்டினம்.

அந்தச் சத்தத்துக்குள்ள நான் கடிதத்தை மடிச்சு அவளின்ர கையில குடுத்தன். ஒருத்தரும் பாக்கேல்லை. இவர் மட்டும் பாத்துக்கொண்டிருந்தார். குடுத்த பிறகுதான் கையைக் கீழ விட்டார்.

இதுதான் உங்கட தோற்றம். வளர்ச்சியை நீர் ஆரிட்டையாவது கேட்டு எழுதும்.

இப்ப நிதியத்தின்ர கடிதத் தலைப்பில பாரும், பதாகையில பாரும், தைப்பொங்கலுக்கு அடிக்கிற கலண்டரில பாரும், எல்லாத்திலயும் பெரிய எழுத்தில 'கொடு' எண்டு கிடக்கும். கீழ 'அமரரின் அமுத வாக்கு'. குடு எண்டு சொன்ன மனுசனைக் கொடு எண்டு திருத்திப்போட்டினம். அதை மட்டும் திருத்தத் தெரியுது. ஏன் நான் ஒருநாளும் உண்மையைச் சொல்லேல்லை எண்டு நீர் கேப்பீர். என்னெண்டு சொல்லுறது? அவர் கடிதத்தைத்தான் குடுக்கச் சொன்னவர் எண்டால், கடிதம் ஆற்ற கையில இருந்தது, ஏன் இருந்தது எண்டு கேள்வி வரும். சபைக்குத் தேவையில்லாத கதை.

அடுத்த கிழமை தவமலரை நான் நிப்பாட்டிப்போட்டன். காரணமோ? வடை கருகினது. ஏன் சிரிக்கிறீர்? கருகினதுதான். அவள் ஒண்டும் கேக்கேல்லை. வெளிக்கிடேக்கை மட்டும், "ஞாயிற்றுக்கிழமையில வந்து ஐயாவைப் பாக்கலாமோ ரீச்சர்?" எண்டாள். ரெண்டு பஸ் மாறி, பனிக்குள்ளால, ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். பதினாலாம் மாடிக்கு ஏறி வந்த ஆளை வாசலில வைச்சுத் திருப்பி அனுப்ப ஏலுமோ? உள்ளுக்கு விட்டன். புதுசா வந்த பிலிப்பீன் பிள்ளையிட்டைச் சாப்பிடாத மனுசன், இவள் ஊட்டினால் வாய் திறப்பார். நான் குசினிக்குள்ள இருப்பன். நாலு மாசத்தில அவர் போட்டார். அந்த 'குடு'வுக்குப் பிறகு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பேச்சுத் திரும்பி வருமெண்டு டொக்டர்மார் சொன்னவை. வரேல்லை.

செத்தவீட்டில விமலாதேவிதான் மைக்கைப் பிடிச்சு, நிதியத்துக்கு ஐயாவின்ர பேரை வைப்பம் எண்டு அறிவிச்சவ. என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன், அது வேற விசயம். தவமலரைச் செயலாளர் ஆக்கினவை. நான் புரவலர். புரவலர் எண்டால் என்ன வேலை தெரியுமோ? வருசத்துக்கு ஒருக்கா முன் வரிசையில இருந்து பொன்னாடை வாங்கிறது. பதின்மூண்டு பொன்னாடை அலுமாரிக்குள்ள கிடக்கு. ஒண்டும் சீலையாக் கட்ட ஏலாது, துடைக்கவும் ஏலாது.

குடுக்கிற ஆக்களை நீர் பாக்க வேணும். ஒருத்தர் தன்ர பிள்ளை கணக்கில குறைய எடுத்திட்டுதெண்டு வேற பிள்ளை மாத்தித் தரச் சொன்னவர். கடையில வாங்கின சட்டை அளவில்லை எண்ட மாதிரி. ஒரு அம்மா, வடிவான பிள்ளையாப் பாத்துத் தரச் சொன்னவ. இன்னொருத்தர் தன்ர படத்தைப் பெருப்பிச்சு அனுப்பி, அதை அந்த வீட்டுச் சுவரில மாட்டிப் படம் எடுத்து அனுப்பட்டாம். சுவர் இருக்கோ எண்டு தவமலர் கேட்டவள். இது ஒண்டுதான் அவள் நல்லாக் கேட்ட கேள்வி. இப்பிடியான ஆக்களை வைச்சுத்தான் இருநூறு பிள்ளையளைப் படிப்பிக்கிறாள். எப்பிடி எண்டு எனக்கு விளங்கேல்லை. மேடையில கதைக்கத் தெரியாது. இங்கிலிஸ் அரைகுறை. அறிக்கை எழுதினால் நான் சிவப்புப் பேனையோடதான் வாசிப்பன்.

நிதியத்தின்ர யாப்பை வாசிச்சனீரோ? வாசிச்சிருக்க மாட்டீர். முதலாவது விதி என்ன தெரியுமோ? 'பிள்ளைகள் எழுதும் கடிதங்கள், அவை எவருக்கு எழுதப்பட்டனவோ அவரால் மட்டுமே திறக்கப்படல் வேண்டும்.' உலகத்தில எந்த நிதியத்துக்கு இப்பிடியொரு முதலாம் விதி இருக்கு? கூட்டத்தில அவள் அதை வாசிக்கேக்கை நான் முன்னுக்கு இருக்கிறன். என்ர முகத்தைப் பாக்கேல்லை. ஒருக்கால்கூடப் பாக்கேல்லை. எல்லாரும் கை தூக்கினவை. நானும் தூக்கினன்.

போன கோடையில அந்தப் பிள்ளை வந்தது. ஓம், நிலாயினி. மீன்பிடி விஞ்ஞானம் படிச்சு, கடலட்டையோ என்னவோ ஆராய்ச்சியாம். ஹலிபக்சில மாநாடு ஒண்டுக்கு வந்திட்டு, திரும்பிப் போகேக்கை இஞ்ச ரெண்டு நாள் நிண்டது. தவமலர் போன் எடுத்து, "ரீச்சர், நிலாயினி உங்களைப் பாக்க வேணும் எண்டு நிக்குது" எண்டாள். என்னை என்னத்துக்கு? சரி, கூட்டிக்கொண்டு வா எண்டன். அண்டைக்கு நான் சீலை உடுத்து இருந்தனான்.

நெடுத்த பிள்ளை. தலைமயிரைக் கட்டையா வெட்டியிருந்தது. கருவாட்டுப் பொடி ஒரு போத்தல் கொண்டந்து தந்தது, இண்டைக்கும் அலுமாரியைத் திறந்தால் மணக்குது. வந்த உடன என்ர காலைத் தொட்டுக் கும்பிட்டிட்டு, அந்தச் சோபாவில இருந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுது, "அம்மா, உங்களைப் பாக்காமல் போகக்கூடாதெண்டு நினைச்சனான். என்ர கடிதத்தை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினது நீங்கள்தானாமே. தவமலர் அன்ரி சொன்னவ. நீங்கள் வாசிக்க எல்லாரும் அழுதிட்டினமாம். நீங்கள் அண்டைக்கு வாசிச்சிருக்காட்டி நாங்கள் இருநூறு பேரும் இல்லை."

நான் தவமலரைப் பாத்தன். அவள் அந்தப் பிள்ளையின்ர கோட்டை மடிச்சு மடியில வைச்சுக்கொண்டு, யன்னலால வெளியில பாத்துக்கொண்டிருந்தாள். முகத்தில ஒண்டும் இல்லை. நக்கல் இருந்திருந்தால் நான் பிடிச்சிருப்பன். முப்பத்தொரு வருசம் பிள்ளையளின்ர முகம் பாத்தவள் நான். ஒண்டும் இல்லை.

தேத்தண்ணி குடியுங்கோ எண்டன். என்ன படிச்சனீர், எங்க படிச்சனீர் எண்டு கேட்டன். அது கடலட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை.

அண்டைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. கருவாட்டு மணம்தான். அடுத்தநாள் காலமை தவமலருக்குப் போன் எடுத்தன். எடுத்த உடன கேட்டன், "நீ ஏன் அந்தப் பிள்ளைக்குப் பொய் சொன்னனீ?"

"என்ன பொய் ரீச்சர்?"

"நான் எப்பிடி வாசிச்சனான் எண்டு உனக்குத் தெரியும். நீ குசினி வாசலில நிண்டனீ."

பேந்து சொல்லுறாள், "நீங்கள் வாசிச்சது உண்மை. அவை அழுததும் உண்மை. மற்றது உங்களுக்கும் எனக்கும் உள்ளது, ரீச்சர். அந்தப் பிள்ளை அதை ஏன் சுமக்க வேணும்?"

அந்தத் திமிரைப் பாத்தீரோ? எனக்கும் அவளுக்கும் உள்ளதாம். அவளுக்கும் எனக்கும் இடையில என்ன இருக்கு? நான் கத்தினன். என்ன கத்தினன் எண்டு இப்ப ஞாபகமில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிஞ்ச உடன, "பிரசர் மருந்து போட்டிட்டியளோ? ஞாயிற்றுக்கிழமை வாறன், ஏதும் வாங்க வேணுமோ?" எண்டாள்.

இன்னும் வாறாள். ஐயா போய்ப் பன்ரெண்டு வருசத்துக்கு மேல, இன்னும் ஞாயிற்றுக்கிழமையில வாறாள். பாலும் பாணும் வாங்கிக்கொண்டு. நான் வரச் சொல்லேல்லை.

இதை மலரில போடும். நான் சொன்ன மாதிரியே போடும், என்ர பேரில போடும். அவையள் வெட்டப் பாப்பினம், நீர் விட வேண்டாம். என்னைப் பற்றி நாலு சனம் நாலு விதமாக் கதைக்கட்டும், எனக்கு ஒண்டும் வராது. கதைக்கிறவையோட சண்டை பிடிக்க எனக்குத் தெரியும். இவளோடதான் ஏலாது. பதின்மூண்டு வருசமா என்னை மன்னிச்சுக்கொண்டு திரியிறாள். ஆர் கேட்டது அவளிட்டை?

நான் கேக்கேல்லை, பிள்ளை. ஒருநாளும் கேக்கேல்லை.